ரெண்டு லிஸ்ட்லயும் ரெண்டாவது, ஆனா ஜெயிச்ச பாட்டு

இன்னைக்கு 2016 யூரோவிஷன். ஸ்டாக்ஹோம்ல உக்ரைனுக்காக ஜமாலா பாடின பாட்டோட பேரு '1944'. அந்த வருஷம் மே மாசம் ஸ்டாலின் அரசு கிரிமிய தாத்தார் மக்கள் சுமார் 2 லட்சம் பேரை ரயில்ல அடைச்சு மத்திய ஆசியாப் பக்கம் விரட்டுச்சு. அந்தப் பயணத்துல மகளைப் பறிகொடுத்தவங்க ஜமாலாவோட கொள்ளுப்பாட்டி.

யூரோவிஷன்ல அரசியல் வரிகளுக்குத் தடை. ரஷ்யாவுல எதிர்ப்பு கிளம்புச்சு. ஆனாலும் அமைப்பாளர்கள் பாட்டை அனுமதிச்சாங்க.

ஜூரி ஓட்டுல ஆஸ்திரேலியா முதலிடம், மக்கள் ஓட்டுல ரஷ்யா. ஜமாலா ரெண்டுலயும் ரெண்டாவது. ஆனா கூட்டிப் பாத்தா உக்ரைன் 534, ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491!

பாட்டி பட்ட துக்கத்தைப் பேத்தி பாடினா அது அரசியலா? என்னைக் கேட்டா, அது குடும்பக் கதை. நீங்க என்ன நினைக்கிறீங்க?