தீவுகளில் கணிப்பொறிக் கூடங்களும் குளிர்ச்சியின் மின்செலவும்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர்; செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய இடங்களுக்கு அது பெரும் வரமாயிற்று. வடத்தைப் புகழ்ந்தோர் பலர். அது கரையேறும் இடத்திலும், அதனால் பெருகும் கணிப்பொறிக் கூடங்களிலும் இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனங்களைக் கருதியோர் சிலரே.

கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதை அகற்ற மீண்டும் மின்சாரம் வேண்டும். கணிப்பொறிகள் 100 யூனிட் செலவிட, கூடம் மொத்தம் 200 யூனிட் இழுக்குமானால் அதன் விகிதம் 2 எனப்படும். உலகின் சிறந்த பெருங்கூடங்கள் இதை 1.1 அளவுக்குக் குறைத்துள்ளன. கவனிப்பில்லாத சிறு கூடங்களில் விகிதம் 2-ஐத் தாண்டுவதும் உண்டு.

பெருநிலத்தின் மின்தொகுப்போடு இத்தீவுகளுக்கு இணைப்பு இல்லை. மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலை எரித்தே பெறப்படுகிறது. ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல் டீசல் தேவை என்பதால், இங்கு மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பு சென்னையில் மிச்சமாவதைவிடக் கூடுதல்.

பின்லாந்தின் ஹாமினாவில், பழைய காகித ஆலை ஒன்றில் கூகுள் நிறுவனம் அமைத்த கூடத்தைக் கடல்நீரே குளிர்விக்கிறது. அந்தமானைச் சுற்றியுள்ள கடலின் மேற்பரப்போ ஆண்டு முழுவதும் 28 டிகிரியை ஒட்டியே நிற்பது. காற்றில் ஈரமும் மிகுதி. ஆகவே நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையும் இங்கு அதிகம் பலிக்காது. கோடையில் குடிநீருக்கே நெருக்கடி தோன்றும் ஊரில் அதற்கு நன்னீரைச் செலவிடுவதும் முறையன்று. எனவே சிக்கனத்தை அறைக்குள்ளேதான் தேட வேண்டும்.

முதல் குறை, குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலந்துவிடுவதே. கணிப்பொறி அடுக்குகளை முகத்துக்கு முகமாகவும் முதுகுக்கு முதுகாகவும் நிறுத்தி, இடைவழிகளைத் தடுப்புகளால் மூடி, காலியான தட்டுகளை அடைத்தால் குளிர்காற்று வீணாவதில்லை. செலவு சொற்பம். அதன்பின் வெப்பநிலையை உயர்த்தலாம். கணிப்பொறிக்குள் நுழையும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது பொறியாளர்கள் ஏற்ற வரம்பு. ஆயினும் 18 டிகிரியில் அறையை நடுங்கவைக்கும் பழக்கம் எளிதில் போவதில்லை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

தீவுகளுக்கே உரிய இழப்பு ஒன்றும் உண்டு. கதவிடுக்கு வழியாகவும் வடங்கள் நுழையும் துளைகள் வழியாகவும் புகும் ஈரக்காற்று குளிர்குழாய்களில் பட்டு நீராகிறது. அந்த ஈரத்தை நீக்குவதிலேயே மின்சாரத்தின் ஒரு பங்கு கரைகிறது. துளைகளை அடைப்பது கொத்தனார் வேலை. பொறியியல் அற்புதம் எதுவும் தேவையில்லை. உப்புக்காற்று வெளிப்புறக் குளிர்தகடுகளை அரிப்பதால் அவற்றை அடிக்கடி கழுவி, காப்புப் பூச்சு இடுவதும் அவசியம்.

ஆழ்கடல் குளிர்நீரைப் பயன்படுத்த முடியாதா? லட்சத்தீவின் கவரத்தியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அமைத்த நிலையம் சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரை ஏற்றி, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தருகிறது. குளிர்ச்சிக்கென்றே இத்தகைய குழாயை இறக்குவது சிறு கூடங்களுக்குக் கட்டாது. குடிநீருக்காக அது அமையுமானால், மிஞ்சும் குளிர்ச்சியைப் பக்கத்துக் கூடத்துக்குத் திருப்பலாம்.

உடனடியாக இயல்வது வேறொன்று. தீவுகளில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையங்களை என்.எல்.சி. இந்தியா நிறுவனம் அமைத்துள்ளது. கணிப்பொறிகளோ சூரியன் மறைந்த பின்னும் ஓடுபவை. பகல் மின்சாரத்தில் நீரைக் குளிர்வித்துத் தொட்டியில் தேக்கினால் மாலை நேர டீசல் குறையும். மின்தடையின்போது மின்கலங்கள் பெரும்பாலும் கணிப்பொறிகளை மட்டுமே தாங்குகின்றன. குளிர்சாதனம் நின்ற சில நிமிடங்களில் அறை கொதிக்கத் தொடங்கும். சிறு எக்கி ஒன்றையும் விசிறிகளையும் அதே மின்கலங்களில் இணைத்துவிட்டால், புயல் இரவில் ஜெனரேட்டர் உயிர்பெறும்வரை, மருத்துவமனைக்கும் துறைமுகத்துக்கும் செல்லும் தொடர்பை அந்தத் தொட்டி நீர் காக்கும்.