தீவில் மின்வண்டியும் பகல் வெளிச்சமும்

தாயகம் விட்டு அந்தமானில் குடியமர்ந்த நாம், அரிசி முதல் டீசல் வரை கப்பலில் வந்திறங்குவதைக் கண்டு பழகியவர்கள். அந்த டீசலைக் கொண்டுதான் இங்கே மின்சாரத்தின் பெரும் பகுதி உற்பத்தியாகிறது. பெருநிலத்தின் மின்தொடரோடு நமக்கு இணைப்பில்லை. ஆகவே பத்துபஸ்தியில் ஒருவர் அந்தி சாய்ந்து வீடு திரும்பித் தம் மின் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்றினால், பெட்ரோலை விட்ட கையால் டீசலைப் பிடித்தவராகிறார்.

பகலில் நிலைமை வேறு. அண்டையிலுள்ள காராச்சர்மாவில் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் உண்டு. கடலூர் மாவட்டத்து நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியால் நாம் அறிந்த என்.எல்.சி. நிறுவனம், 2020இல் அட்டம்பஹாடிலும் டாலிகஞ்சிலும் 20 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு வழிசெய்தது. உடன் அமைந்த சேமக்கலத்தின் கொள்ளளவு 8 மெகாவாட் மணி. கணக்கிட்டுப் பார்த்தால், அது அந்நிலையங்களின் முழுவீச்சு உற்பத்தியில் 24 நிமிட அளவே. இரவு முழுவதும் வண்டிகளுக்கு ஊட்ட அது போதாது.

மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சார்ஜ் நிலையங்களுக்கு மின்சாரத்தைச் சராசரிச் செலவின் 0.7 மடங்கிலும், பிற நேரங்களில் 1.3 மடங்கிலும் வழங்கச் சொல்கின்றன. நோக்கம் நமக்கு மிகப் பொருந்தும், கணக்கோ பொருந்தாது. டீசலால் இங்கே உற்பத்திச் செலவு மிகுதி, மானியத்தால்தான் கட்டணம் குறைவு. பெருக்கல் வாய்பாட்டை அப்படியே போட்டால் பகல் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். தீவுக்கெனத் தனி விலை வகுக்க வேண்டும். இன்னொன்று: அந்த நேரத்தில் நம் வண்டிகள் நிற்பது அலுவலக வாயிலிலும் பள்ளியிலும் படகுத்துறையிலும், சார்ஜ் முனைகளும் அங்கேதான் வேண்டும்.

வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் வேறொரு சிக்கல். நெடுஞ்சாலைகளில் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்கின்றன அதே நெறிமுறைகள். ஜிர்காடாங்குக்கு அப்பால் ஜாரவா மக்களின் காப்புநிலம். வண்டிகள் அணியாகச் செல்ல வேண்டும், இடையில் நிற்கலாகாது. அங்கே நிலையம் கேட்பது தகாது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் அணி புறப்படும்வரை எப்படியும் காத்திருக்கிறோம்; விரைவுச் சார்ஜ் முனைகளை அங்கும், நீரிணையைத் தாண்டிப் பாராதாங்கிலும் அமைத்தால், ஜாரவா நிலத்தை ஒரே ஓட்டத்தில் கடக்கலாம்.