காலியாக இருந்த ஒரு நாற்காலி

   

‘ஒரு மனிதர் மறைந்த பிறகும் மக்கள் மனதில் நிற்பது சாதனையாலா, பண்பாலா?’ இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால் பேசிய தம்பி, சாதனை சாதனைன்னு முழங்கிட்டுப் போயிட்டார். நான் பண்பு அணி. ஆனா தம்பி வருத்தப்படக் கூடாதுன்னு ஒரு மகா சாதனையாளரையே சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

அவர் பேரு ழான் பெலிவோ. கனடாக்காரர். ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர். நடுவர் அய்யா என்னை ஒரு மாதிரி பார்க்கறீங்க. நியாயம்தான். எனக்கு ஐஸ்னா சின்ன வயசுல மணி அடிச்சுக்கிட்டு வந்த ஐஸ் வண்டிதான் தெரியும். (சிரிப்பு) அந்த ஊர்ல ஐஸ் மேலயே நின்னு ஆடறாங்க. கத்தி மாதிரி தகடு வச்ச ஷூவைப் போட்டுக்கிட்டு, பந்துக்குப் பதிலா ஒரு ரப்பர் வட்டை மட்டையால தள்ளிக்கிட்டுப் பறக்கறாங்க. நாமெல்லாம் குளியலறையில சோப்புத் தண்ணியிலேயே சறுக்கி விழற ஜாதி! (சிரிப்பு)

2014 டிசம்பர் 2-ம் தேதி பெலிவோ காலமானார். வயது 83. அப்போ நான் மான்ட்ரியல் நகரத்துல என் தங்கை மகன் வீட்டுல இருந்தேன். “மாமா, கிளம்புங்க. ஒரு பெரிய மனுஷனுக்குக் கடைசி மரியாதை செலுத்திட்டு வருவோம்”னு கூட்டிக்கிட்டுப் போனான்.

பெல் சென்டர்னு ஒரு பிரம்மாண்டமான அரங்கம். அங்கே அவர் உடலை ரெண்டு நாள் பொதுமக்கள் அஞ்சலிக்கு வச்சிருந்தாங்க. வரிசையில நிக்கறோம். தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோட தாய்மார்கள். பாதிப் பேரு அவர் ஆடினதையே பார்த்திருக்க மாட்டாங்க. ஏன்னா, அவர் ஆட்டத்துல இருந்து ஓய்வு பெற்றதே 1971-ல!

“அப்படி என்னடா செஞ்சாரு?”ன்னு கேட்டேன். சொன்னான். மான்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்கு 507 கோல். பத்து வருஷம் கேப்டன். அந்த நாட்டு ஹாக்கியில ஸ்டான்லி கோப்பைன்னா உயிர். அதை ஆட்டக்காரரா 10 தடவை ஜெயிச்சிருக்கார். அப்புறம் அணியின் நிர்வாகத்துல இருந்து 7 தடவை. ஆக 17 தடவை அவர் பேரு அந்தக் கோப்பையில பொறிக்கப்பட்டிருக்கு.

1955-ல ஒரு ஆட்டம். தப்பு செஞ்ச எதிரணிக்காரரை ரெண்டு நிமிஷம் வெளியே உட்கார வைப்பாங்க. அந்த நேரத்துக்குள்ள, 44 வினாடியில, மூணு கோல் போட்டார் பெலிவோ! அடுத்த சீசன்ல சட்டத்தையே மாத்திட்டாங்க. ஒரு கோல் விழுந்ததும் வெளியே இருக்கறவர் உள்ளே வந்துடலாம்னு. (கைதட்டல்)

எதிரணியும் கை தட்டுது! தட்டுங்க. சாதனை வரைக்கும் உங்க கட்சி. இனிமேல் என் கட்சி.

1971-ல அவருக்குப் பாராட்டு விழா. எனக்குப் பரிசு வேண்டாம், அந்தப் பணத்தைக் கஷ்டப்படற குழந்தைகளுக்குக் கொடுங்கன்னுட்டார். 1,55,000 டாலர் சேர்ந்தது. அவர் பேருல நிதி வச்சு, வருஷக் கணக்கா குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

1994-ல அந்த நாட்டுப் பிரதமர் ழான் கிரெத்தியன் அவரைக் கூப்பிட்டார். “நீங்க கவர்னர் ஜெனரலா வரணும்.” நம்ம ஊர் ஜனாதிபதி பதவி மாதிரி. தலைநகர்ல மாளிகை, மரியாதை, அணிவகுப்பு எல்லாம் உண்டு. பெலிவோ வேண்டாம்னுட்டார்.

ஏன்? அவருக்கு ஒரே மகள். அந்த மகளோட கணவர் அகாலத்துல இறந்துட்டார். ரெண்டு பேத்திகள், சின்ன வயசிலேயே அப்பாவை இழந்த பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளுக்கு அப்பா ஸ்தானத்துல நான் பக்கத்துல இருக்கணும், அதனால பதவி வேண்டாம்னு சொல்லிட்டார்.

இதைச் சொல்லிட்டு என் மருமகப் பிள்ளை பேசாம நின்னான். நானும் பேசல. பேச முடியல.

ஏன்னா, 1992-ல என் தங்கை புருஷன் போயிட்டார். இவனுக்கு அப்போ ஏழு வயசு. இவனுக்குக் கீழ ஒரு பொண்ணு. “அண்ணே, ஒரு ரெண்டு வருஷம் ஊர்லயே இருண்ணே. பிள்ளைங்களுக்கு ஒரு ஆம்பளைத் துணை வேணும்”னு தங்கை கேட்டா. அந்த மாசம்தான் எனக்கு பாங்க்ல பிரமோஷன் வந்தது. நாக்பூருக்கு மாற்றல். வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கல. மணியார்டர் அனுப்பினேன். தாய்மாமன் மடியில உட்கார வச்சுக் காது குத்தின பிள்ளை, அந்த மாமனைத் தபால்காரர் கையெழுத்து வாங்கற ஃபாரத்துல பார்த்துத்தான் வளர்ந்தான்.

அந்த வரிசையில அவன் என்னைக் குத்திக் காட்டிச் சொல்லலீங்க. “குளிருதா மாமா?”ன்னு கேட்டுட்டு, தன் மஃப்ளரைக் கழட்டி என் கழுத்துல சுத்தினான். குத்திக் காட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே போனோம். 61 வருஷம் அவரோட வாழ்ந்த மனைவி எலீஸ் அம்மா நின்னுக்கிட்டிருக்காங்க. பக்கத்துல மகள், பேத்திகள். வர்ற ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு நன்றி சொல்றாங்க. அவர் யாருக்காக மாளிகையை விட்டாரோ, அந்தப் பேத்திகள் கடைசி வரைக்கும் அவர் பக்கத்துல. நான் தலை குனிஞ்சுக்கிட்டே வெளியே வந்தேன்.

நடுவர் மணியில கை வைக்கிறார். ஒரே நிமிஷம்.

டிசம்பர் 9-ம் தேதி அதே அரங்கத்துல ஆட்டம். வீட்டுல டி.வி.யில பார்த்தோம். அவர் வழக்கமா உட்கார்ந்து பார்க்கற நாற்காலியில யாரும் உட்காரல. அவரோட 4-ம் நம்பர் சட்டையை அது மேல போர்த்தி, விளக்கு வெளிச்சம் போட்டிருந்தாங்க. பக்கத்து நாற்காலியில எலீஸ் அம்மா. அந்த அரங்கம் அப்போ நிறைஞ்சா 21,287 பேர். அன்னைக்கு அறிவிச்ச கணக்கு 21,286. (கைதட்டல்)

‘பண்பு மட்டும் இருந்தா இவ்வளவு பேர் வருவாங்களா?’ன்னு எதிரணி கேட்கும். வர மாட்டாங்க, ஒத்துக்கறேன். சாதனைதான் அவரை ஊருக்குத் தெரிய வச்சது. ஆனா 17 கோப்பைக்காகப் புகழ்ந்தவங்க, அந்த ஒரு பதவியை வேண்டாம்னு சொன்னதுக்காக அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவரா நினைச்சாங்க. சாதனை நமக்கு ஒரு நாற்காலியை வாங்கிக் கொடுக்கும். நாம போன பிறகு அந்த நாற்காலியைக் காலியா வைக்கணும்னு நாலு பேருக்குத் தோணுதே, அது பண்புக்காகத்தான்!

ஊர் திரும்பினதும் நேரா தங்கை வீட்டுக்குத்தான் போனேன். இருபத்திரெண்டு வருஷம் தாமதம். “வாண்ணே, சாப்பிட்டியா?”ன்னு கேட்டா. அவ்வளவுதாங்க.