பெப்பரோனி பீட்சா: ஒரு துண்டின் கணக்கு

 

அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் பீட்சா வகைகளுள் ஒன்று பெப்பரோனி பீட்சா. இத்தாலியில் இதை ஒத்த சொல் குடைமிளகாயைக் குறிக்கும். அமெரிக்காவிலோ இது பன்றி இறைச்சியை, அல்லது அதனுடன் மாட்டிறைச்சியையும் கொத்தி, குழல்போல் அடைத்து, உப்பிட்டுப் பதப்படுத்தியது. ஆகவே அது நமக்கு ஹராம் என்பதில் ஐயமில்லை.

“மாட்டிறைச்சியில் செய்த ஹலால் பெப்பரோனி உள்ளதே, அதை உண்ணலாம் அல்லவா?” என இளைஞர்கள் நம்மிடம் வினவுகின்றனர். உண்ணலாம். ஆனால், ஹலாலா என்று கேட்ட நாம், அது தய்யிபா, உடலுக்கு நலம் தருவதா என்றும் கேட்க வேண்டாமா?

அமெரிக்க வேளாண்மைத் துறையின் சத்துப் பட்டியலின்படி, 14 அங்குலப் பீட்சாவின் எட்டில் ஒரு துண்டில் சுமார் 310 கலோரி, 35 கிராம் மாவுச்சத்து, 13 கிராம் புரதம், 13 கிராம் கொழுப்பு, 750 மில்லிகிராம் சோடியம் உள்ளன. பாலாடைக்கட்டியால் சுண்ணாம்புச் சத்தும் கிட்டுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த சோடியம் வரம்பு 2000 மில்லிகிராம். மூன்று துண்டுகளிலேயே அவ்வரம்பு கடந்துவிடுகிறது. மேலும், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைவிப்பது என அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. மாட்டிறைச்சியாயினும் இதற்கு விலக்கில்லை.

ஹலால் முத்திரை இறைச்சியின் வகைக்கும் அறுத்த முறைக்கும் சான்று. உப்பின் அளவுக்கு அன்று. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். என்றேனும் ஒரு துண்டு, உடன் காய்கறி என நிறுத்திக்கொள்வோம். பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குவோம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.