பெயரால் அன்று, பணியால்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனிப் பிள்ளைகள் பலர் இன்று கணினி நிரல் பயில்கின்றனர். அவர்கள் பேசும் சொற்கள் நமக்கு எட்டா என்று பெற்றோராகிய நாம் ஒதுங்கி நிற்கிறோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நம் போன்றோர்க்கும் அவை எட்டக்கூடியவையே. அதற்குச் சான்றாக ஓகேமல் என்னும் மொழியை இன்று எடுத்துக்கொள்வோம்.

1970களில் எடின்பரோவில் இராபின் மில்னர் என்னும் அறிஞர் எம்.எல். என்ற மொழியை வகுத்தார். அவ்வழியில் பிரான்சு நாட்டின் இன்றியா ஆய்வு நிலையத்தில் கேமல் பிறந்தது. திதியே ரெமி, ஜெரோம் வூய்யோன் ஆகிய இருவர் அமைத்த ஆப்ஜெக்டு முறையுடன் 1996இல் அஃது ஆப்ஜெக்டிவ் கேமல் ஆயிற்று. 2011 முதல் ஓகேமல் என்பதே அதன் பெயர்.

இம்மொழியில் மூன்று இயல்புகள் கூடியுள்ளன. முதலாவது ஆப்ஜெக்டு. தன் விவரங்களைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு விடை தரும் பொருள் அது. நார்வே நாட்டில் 1967இல் உருவான சிமுலா மொழி இக்கருத்துக்கு முன்னோடி.

இரண்டாவது ஃபங்ஷனல் முறை. அஃதாவது எழுதியதை அழிக்காமல் புதியதை உண்டாக்குதல். நம் பேரேட்டில் பழைய பதிவைச் சுரண்டுவது குற்றம். புதிய வரி எழுதுவதே முறை. ஓகேமலிலும் ஓர் ஆப்ஜெக்டு, ஒரு விவரம் மட்டும் மாறிய தன் நகலைத் தர வல்லது. மூலம் மாறாது நிற்கும்.

மூன்றாவது ஸ்டாட்டிக் டைப், அதாவது புறப்படுமுன் சோதித்தல். யார்டில் பிரேக் சோதித்துச் சான்று தந்த பின்னரே சரக்கு வண்டி புறப்படும். அவ்வாறே, விடை தரவியலாத கேள்வியை ஓர் ஆப்ஜெக்டிடம் கேட்கும் நிரலைக் கம்பைலர் ஓடவே விடாது.

அப்படியானால் எந்த ஆப்ஜெக்டு எதற்கு விடை தரும் என்று கம்பைலர் அறிவது எங்ஙனம்? ஜாவா போன்ற மொழிகளில் பெயரைப் பார்ப்பர். இன்ன இன்டர்ஃபேஸைச் சேர்ந்தது என்று கிளாஸ் முன்னரே அறிவித்திருத்தல் வேண்டும். ஓகேமல் பெயரைப் பார்ப்பதில்லை. ஓர் ஆப்ஜெக்டு விடை தரும் கேள்விகளின் பட்டியலே அதன் வகை. கிளாஸ் ஏதும் இன்றி நேரே எழுதப்பட்டதாயினும், பட்டியல் பொருந்தினால் ஏற்கப்படும்.

பார்சல் அலுவலகத்துத் தராசை எண்ணிப் பாருங்கள். மாம்பழக் கூடை வருகிறது, சைக்கிள் வருகிறது, வீணைப் பெட்டியும் வருகிறது. தராசு கேட்பது ஒன்றே: “உன் எடை என்ன?” எடை கேட்டுவிட்டு, வாங்கிய பொருளையே திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதினால், அதன் வகையைக் கம்பைலர் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். எடை சொல்ல வேண்டும், மற்றவை எவையாயினும் ஆகுக என்பதே அவ்வகை. அந்த “மற்றவை” என்பதில்தான் நுட்பம் உள்ளது. தராசை விட்டு இறங்கிய சைக்கிள் சைக்கிளாகவே திரும்புகிறது. மணியடிக்கும் ஆற்றலை அஃது இழக்கவில்லை.

ஆனால் இம்மூன்றையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதாயின், உறுப்புகள் யாவும் ஒரே வகையாதல் வேண்டும். “இதனை எடை மட்டும் சொல்லும் பொருளாகக் கொள்க” என்று நாமே எழுதித் தர வேண்டும். அவ்வாறு குறைத்தபின், பட்டியலிலிருந்து எடுத்ததை மீண்டும் சைக்கிளாகப் பெற மொழியில் நேர்வழி இல்லை. குறைக்குமுன் சிந்திக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மரபுரிமையிலும் இம்மொழி கண்டிப்பானது. மகன் கிளாஸ் தந்தை கிளாஸின் உடைமைகளைப் பெறலாம். அதனாலேயே தந்தையின் நாற்காலியில் அமரும் தகுதி வந்துவிடாது. அங்கும் கேள்விப் பட்டியல் பொருந்துகிறதா என்றே பார்க்கப்படும்.

எனின் எங்கும் ஆப்ஜெக்டுதானா? அன்று. புதிய சரக்கு வகைகள் வந்துகொண்டேயிருந்தால் ஆப்ஜெக்டு எளிது. புதியது தன் விடைகளோடு வந்து சேரும். வகைகள் நிலைத்து, கேள்விகள் பெருகினாலோ ஒவ்வொன்றிலும் கைவைக்க நேரும். எல்லாப் பேரேடுகளிலும் புதிய கட்டம் கோடிடுவது போன்ற வேலை அது. அங்கே வேரியண்ட் என்னும் முறை ஏற்றது. ஒரு வகையை விட்டுவிட்டால் கம்பைலர் எச்சரிக்கும். இந்த இருதலைச் சிக்கலுக்கு 1998இல் பிலிப் வாட்லர் “எக்ஸ்பிரஷன் பிராப்ளம்” என்று பெயரிட்டார். ஓகேமல் எழுதுவோர் பலர் ஆப்ஜெக்டை அருகியே ஆளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவச் செல்வங்களே! ஒரு முறை பெயர்பெற்றது என்பதற்காக அதனைக் கையாளாதீர்கள். செய்யவேண்டிய பணியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெற்றோர்களே! ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவர் நாம். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டு நம்மை அளப்பதைவிட, என்ன செய்ய வல்லாய் என்று கேட்டு ஏற்பதையே நாம் விரும்புகிறோம். அதே அளவுகோலை நம் பிள்ளைகளுக்கும் வைப்போம். மதிப்பெண் என்னும் ஒரே கேள்விக்குள் அவர்களைக் குறைத்துவிடாதிருப்போம். அவர்களிடம் உள்ள “மற்றவை” நம் கண்ணில் என்றும் நிற்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!