படகு ஏறினாலும் எடை ஏறாத தொட்டி

ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் என்ற ஊரருகே இரண்டு கால்வாய்கள் சேருகின்றன. ஒன்று மேட்டில், மற்றது பள்ளத்தில். ஒரு காலத்தில் 11 மதகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடித்தான் படகுகளை ஏற்றி இறக்கினார்கள். 2002இல் அங்கே 35 மீட்டர் உயரச் சக்கரம் ஒன்று வந்தது. அதன் எதிரெதிர் முனைகளில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். படகு தொட்டிக்குள் நுழையும், கதவு அடைபடும், சக்கரம் அரைச்சுற்று சுற்றும். படகு 24 மீட்டர் மேலே போய்விடும். இதற்குச் செலவாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம். ஒரு தொட்டியில் படகுகள் நிறைந்திருக்க, எதிர்த்தொட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் இருந்தாலும் சக்கரம் ஒரு பக்கம் சாய்வதில்லை.

காரணம் ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். 10 டன் படகு மிதக்க வேண்டுமானால் 10 டன் தண்ணீரை விலக்கியே தீர வேண்டும். அதற்குக் குறைவாக விலக்கினால் இன்னும் அமிழும். கூடுதலாக விலக்கினால் மேலெழும். படகு உள்ளே வரும்போது கதவு திறந்திருப்பதால், விலகிய 10 டன்னும் கால்வாய்க்குப் போய்விடுகிறது. தொட்டியின் மொத்த எடை பழையபடியே இருக்கிறது. ‘படகு உள்ளேதானே நிற்கிறது, அதன் எடை எங்கே போயிற்று?’ என்று கேட்கலாம். எங்கும் போகவில்லை. ஆனால் தொட்டியின் அடித்தளம் உணர்வது தனக்கு மேலுள்ள நீரின் ஆழத்தைத்தான். ஆழம் மாறாதபோது அழுத்தமும் மாறாது. இரும்பு நீரைவிட ஏழெட்டு மடங்கு அடர்ந்தது என்பதும் இங்கே தடையில்லை; உள்ளே காற்றடங்கிய கூடாகப் படகு இருப்பதால், தன் எடைக்கு ஈடான நீரை விலக்க அதற்கு இடமிருக்கிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. கதவை அடைத்தபின் கிரேனால் படகை இறக்கினால்? அப்போது முழு எடையும் தொட்டியில் ஏறும், நீர்மட்டமும் உயரும். படகு தரைதட்டினாலும் கணக்கு பொய்த்துப்போகும், ஏனென்றால் அது தன் எடையளவு நீரை விலக்கியிருக்காது. ஆகவே சக்கரத்தை இயக்குவோர் கவனிக்க வேண்டியது படகின் எடையை அல்ல, இரு தொட்டிகளின் நீர்மட்டத்தை. ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரருகே எல்பே ஆற்றுக்கு மேலே, 2003இல் திறந்த 918 மீட்டர் நீளக் கால்வாய்ப் பாலத்திலும் இதே கதைதான். சரக்குக் கப்பல் கடக்கும்போது எழும் சிற்றலைகளை விட்டுவிட்டால், பாலத்தின் தூண்கள் சுமப்பது கப்பல் வருமுன் சுமந்த அதே பாரத்தைத்தான்.