கடைக்காரன் சொல்லுகிறேன், பார்த்து வாங்குங்கோ

(எங்கள் சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில், தென் லண்டனில் பலசரக்குக் கடை நடத்தும் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"நுகர்வுக் கலாசாரமும் எமது சமூகமும்" என்று தலைப்புத் தந்து என்னைப் பேசச் சொன்னார் எங்கள் செயலாளர். "தம்பி, சாமான் விற்கிறவனைப் பிடித்து, சாமான் வாங்காதையுங்கோ என்று பேசச் சொல்லுறியளே" என்று கேட்டேன். "அதுக்குத்தான் அண்ணை உங்களைக் கேட்கிறம்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. காசு மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு, அந்தப் பக்கம் நிற்கிறவருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும். அவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. எங்கட சனம் வாங்கிக் குவிக்குது என்று குறை சொல்லுகிறவர்கள் பழையதை மறக்கக் கூடாது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை, மெழுகுதிரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்த பிள்ளைகள் இன்று இந்தச் சபையில் தாய் தகப்பனாக இருக்கினம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம்.

அப்படி இருந்து வந்தவன், இங்கே ஒரு சுப்பர்மார்க்கெற்றுக்குள் முதன்முதல் காலடி வைத்தபோது கண் விரியாமல் என்ன செய்யும்? என் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று நினைப்பது பிழையில்லை. அந்த இல்லாமையை நான் புகழ வரவில்லை. அது பிறர் எங்கள் மேல் சுமத்தியது. எளிமை வேறு. அது நாங்களாக விரும்பி எடுப்பது. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது.

இப்போது கடைக்குள் வாருங்கள். பெரிய கடையில் பாலும் முட்டையும் ஏன் கடைசி மூலையில் இருக்கிறது? எல்லாரும் தேடுகிற சாமான் அதுதான். அதை எடுக்கப் போகிற வழியில் நீங்கள் பத்துத் தட்டைக் கடக்க வேணும். கூடிய இலாபம் தரும் சாமான் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். பிள்ளையின் கண் மட்டத்தில் பிள்ளைக்குரியது இருக்கும். காசு கட்டும் இடத்தில் இனிப்பு. 2022 ஐப்பசி முதல், இங்கிலாந்தின் பெரிய கடைகளில் சீனி, கொழுப்பு, உப்புக் கூடிய பல தின்பண்டங்களைக் காசு மேசையிலும் வாசலிலும் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. என்னைப் போன்ற சின்னக் கடைக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் நான் சொக்லேற்றை உள்ளே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வாழைப்பழமும் தோடம்பழமும் வைத்தேன். உண்மையைச் சொல்ல வேணும், வருமானம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காசு மேசைக்கு முன்னால் நின்று அழுகிற பிள்ளைகளும் குறைந்தார்கள். தாய்மார் இப்ப ஆறுதலாக இரண்டு வார்த்தை கதைத்துப் போட்டுப் போகினம்.

இன்னொன்று, விலையை மட்டும் பார்க்காதீர்கள், நிறையையும் பாருங்கள். 2016 ஆம் ஆண்டு ரொப்ளறோன் சொக்லேற் இந்த நாட்டில் 400 கிராமில் இருந்து 360 கிராமாகக் குறைந்தது. மலை மலையாக இருக்கும் துண்டுகளுக்கு இடையில் பள்ளத்தை அகட்டிவிட்டார்கள். அது எல்லார் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாமல் குறைகிறவை கனக்க. பெரிய பைதான் மலிவு என்பதும் எப்போதும் சரியில்லை. 5 கிலோ அரிசி 9 பவுண், 10 கிலோ 19 பவுண் என்றால் சின்னப் பைதான் மலிவு. பெரிய கடைகளில் விலைச்சீட்டின் கீழே சின்ன எழுத்தில் கிலோ என்ன விலை என்று போட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்தைத்தான் வாசிக்க வேணும்.

அடுத்தது கடன். ஊரில் கடைக்காரரிடம் கொப்பிக் கடன் இருந்தது. அதற்கு வட்டி கிடையாது. கணக்கு ஏறினால் கடைக்காரர் "தம்பி, போன மாதத்தது கிடக்கு" என்று மெல்லச் சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு எங்கள் கை தானாக அடங்கும். இங்கே அட்டை ஒன்றும் சொல்லாது. 2007 இல் இந்த நாட்டில் அட்டையைத் தொட்டுக் காசு கட்டும் முறை வந்தபோது ஒரு தடவைக்கு 10 பவுண்தான். 2021 ஐப்பசியில் அது 100 பவுண் ஆகிவிட்டது. தாளை எண்ணிக் கொடுக்கும்போது நெஞ்சில் ஒரு கணம் இடிக்கும். தொட்டு எடுக்கும்போது அது இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். கடன் அட்டையில் 3,000 பவுண் நிற்கிறது, வட்டி வருடத்துக்கு 24 வீதம் என்று வையுங்கள். மாத வட்டி மட்டும் 60 பவுண். நீங்கள் 75 பவுண் கட்டினால், கடனில் குறைவது 15 பவுண். மிச்சம் வட்டியோடு போச்சு. அந்த 60 பவுண் ஒருவரின் எத்தனை மணித்தியால உழைப்பு என்று அவரவர் எண்ணிப் பாருங்கள்.

விடிய 6 மணிக்கு, இரவு வேலை முடித்துப் பால் வாங்க வரும் தகப்பன்மாரை எனக்குத் தெரியும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது அவர்கள் படுக்கப் போவார்கள். பிள்ளை வரும்போது அவர்கள் அடுத்த வேலைக்கு வெளிக்கிடுவார்கள். ஊரில் உள்ள தாய் சகோதரருக்கு அனுப்ப உழைக்கிறவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லேன், அது கடமை. ஆனால், போன வருடம் செய்த சாமத்தியச் சடங்கின் மண்டபக் காசையும் வீடியோக் காசையும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர்களும் இருக்கினம். அயலவர் 300 பேருக்குச் செய்தால் நாங்கள் 400 பேருக்குச் செய்ய வேணுமாம். அந்தப் பிள்ளைக்கு 400 பேரில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? அந்தப் பிள்ளை கேட்பது தகப்பனோடு இருந்து சாப்பிடும் ஒரு பின்னேரம்.

இத்தனை வருடம் விற்றதில் நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். ஆட்களின் முகம் மலர்வது விலை கூடிய சாமானுக்கு அல்ல. சித்திரை பிறக்க, மாம்பழப் பெட்டி வந்திறங்கும். அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடுகிற ஐயாமாரைப் பார்க்க வேணும்! 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது. 2015 தொடக்கத்தில் தடை நீங்கியது. அந்த வருடம் வந்த பெட்டியைப் பிரித்தபோது கடையில் இருந்த கலகலப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. காத்திருந்து கிடைத்ததற்கு உருசி தனி.

இன்னொன்று ஒடியல் மா. ஒரு பைக்கற்றும் கொஞ்சம் இறால், நண்டு, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டையும் வாங்குகிற அம்மா கட்டாயம் "அண்ணை, பின்னேரம் குடும்பத்தோடு வாங்கோ" என்பார். ஒருத்தருக்கு மட்டும் கூழ் காய்ச்ச ஏலாது. பானை வைத்தால் பத்துப் பேர் வரவேணும். சுற்றி இருந்து, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக் குடித்து, பழங்கதை கதைத்து எழும்பும்போது வருகிற நிறைவை எந்தக் கடையிலும் நான் விலைக்குக் கண்டதில்லை. பெரிய ரீவி வாங்கினவர் ஒரு மாதத்துக்குப் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கூழ் குடித்ததை அடுத்த வருடமும் கதைக்கினம்.

1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையில் பெரிய கடைகள் 6 மணித்தியாலந்தான் திறக்கலாம். சின்னக் கடைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் என் வீட்டுக்காரி போட்ட சட்டம் வேறு: ஞாயிறு பின்னேரம் 3 மணிக்குக் கடை பூட்ட வேணும். அவவின் சட்டத்தால் காசு குறைந்தது, வீடு நிறைந்தது.

அதனால், வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மூன்று வேண்டுகோள் மட்டும். வீட்டில் எழுதிய துண்டோடு கடைக்கு வாருங்கள். சடங்கு, பிறந்தநாள் எதுவானாலும் கையில் உள்ள காசுக்குள் செய்யுங்கள். வாங்குமுன் ஒரு இரவு பொறுங்கள். விடிந்த பிறகும் வேணும் என்றால் வாங்குங்கள்.

சித்திரைப் புத்தாண்டு வருகிறது. மருத்துநீர் வைத்து முழுகி, பெரியவர்கள் கையால் வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேஷத்தை வாங்குவோம். அது ஒரு பவுண் குற்றியாக இருந்தாலும் வருடம் முழுக்க வைத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கைவிசேஷத்தை அட்டையைத் தொட்டுக் கொடுக்க ஏலாது, கையைத் தொட்டுத்தான் கொடுக்க வேணும்.